கிருஷ்ணகிரி டி.டி.பி. கடையில் அச்சான ‘நியூ ஓக்ஸ்’ வரலாறு: ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு தெரு ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இயங்கிவரும் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடையில் அண்மையில் ஒரு சிறு நூலைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, பைண்டிங்கும் முடித்து வாங்கினேன். உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துத்தரும் கடைகள் இங்கே ஏராளம். ஆனால் தமிழில் ஒரு வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியை நம்பிக் கொடுக்கத்தக்க கடை எது என்று கேட்பவர்களுக்கு இக்குறிப்பு பயன்படலாம்.

நான் கொடுத்த பிரதி எளிதானதன்று. பெங்களூரு குதிரைப் பந்தயங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்களுக்காக நான் எழுதிய அந்நூல், ‘நியூ ஓக்ஸ்’ என்ற பெயரில் முதல் உலகப்போரின்போது நான்கே ஆண்டுகள் ஓடிய ஒரு பந்தயத்தைப் பற்றியது. இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் 1779 முதல் நடந்துவரும் ஓக்ஸ், தரோபிரட் என்னும் பந்தய இனத்தின் மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கு மட்டுமே உரியது; டெர்பி பிரபுவின் எப்சம் பகுதி மாளிகையின் பெயரைப் பெற்ற அப்பந்தயத்தின் முதல் வெற்றியும் அவருடைய பிரிஜெட் என்ற குதிரைக்கே கிடைத்தது. புகழ்பெற்ற டெர்பி பந்தயம் அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது என்பதை நம் ரேஸ் நண்பர்களில் பலர் அறியார். 1915-இல் ரயில்களைப் படைவீரர்களுக்கும் தளவாடங்களுக்கும் ஒதுக்க வேண்டிய நெருக்கடி முற்றியதால், நியூமார்க்கெட் என்ற ஊர் நீங்கலாக மற்ற இடங்களின் மைதானங்களில் பந்தயங்களை நிறுத்திவைக்குமாறு அரசு கேட்டுக்கொள்ள, எப்சமின் பெரும் பந்தயங்களான டெர்பியும் ஓக்ஸும் நியூமார்க்கெட்டின் ஜூலை மைதானத்துக்கு இடம்பெயர்ந்தன. பெயரில் ‘நியூ’ ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

தூரம் மாறவில்லை, அதே ஒன்றரை மைல்தான். ஆனால் எப்சமில் மேடேறி, இடப்பக்கம் வளைந்து, டாட்டன்ஹாம் முனையில் சரிவில் இறங்கி ஓட வேண்டிய குதிரை, இங்கே வலப்பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு நெடுநேர் பாதையில் ஓடியது. ஓட்டத்தின் இயல்பே மாறிவிட்டதால் இந்த நான்கு ஆண்டுகளையும் ஓக்ஸின் வரிசையில் வெறும் நான்கு எண்களாகச் சேர்த்துவிடக் கூடாது, தனிப் பந்தயமாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து. நூலின் வாதமும் அதுவே. வெற்றிப் பட்டியலின் பக்கத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைக் கொண்டுதான் கடையின் வேலையை மதிப்பிட்டேன்.

தட்டச்சு செய்த பெண்மணிக்குக் குதிரைப் பந்தயம் பற்றி ஏதும் தெரியாது. இருந்தும் அவர் படித்துப் பார்த்தே அடிக்கிறார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. “சார், டெர்பி வேற, ஓக்ஸ் வேறதானே? 1916-ல ரெண்டு எடத்துலயும் ஃபிஃபினெல்லா பேரே வருது, சரியா?” என்று பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். சரிதான்: எட்வர்ட் ஹல்டனின் அந்தப் பெண்குதிரை, ஜோ சைல்ட்ஸ் என்ற ஜாக்கியுடன் ஒரே வாரத்தில் ஆண்குதிரைகளையும் வென்று டெர்பியைப் பெற்றது, பெண்குதிரைகளுக்கான ஓக்ஸையும் பெற்றது. அதற்குப் பின் இன்றுவரை எந்தப் பெண்குதிரையும் டெர்பியை வென்றதில்லை. இப்படி ஒரு கேள்வி கேட்கும் தட்டச்சர் கிடைத்தால் பக்கத்துக்கு 35 ரூபாய் என்பது மலிவு.

பட்டியல் பக்கத்தில் அவருடைய உழைப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது. 1915-இல் ஸ்னோ மார்ட்டன், 1916-இல் ஃபிஃபினெல்லா, 1917-இல் சன்னி ஜேன் என்று மூன்று வரிகளும் ஒழுங்காக நின்றன. 1918-இல்தான் சிக்கல்: எல்லைக் கோட்டை முதலில் தாண்டிய ஸ்டோனி ஃபோர்டு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, வெற்றி மை டியர் என்ற குதிரைக்கு வழங்கப்பட்டது. அடிக்குறிப்பாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லி, ‘முதலில் வந்தது’ எனத் தனிக் கட்டம் ஒன்றைச் சேர்த்துத் தந்தார். நான்கு ஆண்டுகளையும் இளஞ்சாம்பல் நிறத்தில் பிரித்துக் காட்டி, 1919-இல் எப்சமுக்குத் திரும்பிய ஓக்ஸை பயூடா வென்ற வரியிலிருந்து மீண்டும் வெள்ளையில் தொடங்கியதும் அவருடைய யோசனையே. இரண்டாம் உலகப்போரில் 1940 முதல் 1945 வரை பந்தயம் மீண்டும் நியூமார்க்கெட்டுக்கு வந்ததால் அந்த ஆறு வரிகளுக்கும் அதே சாம்பல் நிறம். அவற்றுள் 1942-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்காக கார்டன் ரிச்சர்ட்ஸ் ஓட்டிய சன் சாரியட், தொடக்கத்தில் முரண்டு பிடித்துப் பின்தங்கிய பிறகும் வென்ற கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். அது பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே வருமாறு பக்கங்களை அமைத்திருக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கடையில் இன்னும் பழைய எழுத்துரு ஒன்றையே பயன்படுத்துகிறார்கள்; யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம்மாறின. அதைவிட எரிச்சலூட்டியது ஆய்த எழுத்து: வரியின் இறுதியில் ‘ஃ’ மட்டும் தனியே நிற்க, அடுத்த வரி ‘பிஃபினெல்லா’ என்று தொடங்கியது. இரண்டாம் புரூஃபில் (திருத்தப்படியில்) குறித்துக் கொடுத்தும் ஓரிடத்தில் அது அப்படியே அச்சாகிவிட்டது.

அட்டை வடிவமைப்பை அவர்களிடம் விட வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. முதலில் காட்டிய அட்டையில் குதிரைகள் தடை தாண்டிக்கொண்டிருந்தன. இது தடைகள் இல்லாத பந்தயம் என்று விளக்கியதும், நம் ஊர் வரவேற்பறைகளில் வாஸ்துவுக்காக மாட்டுகிறார்களே, அந்த ஏழு வெள்ளைக் குதிரைகள் வந்து சேர்ந்தன. கடைசியில் படமே வேண்டாமென்று பச்சை அட்டையில் தலைப்பை மட்டும் அச்சிட்டோம். பார்க்க நன்றாகவே இருக்கிறது. உள்ளே 80 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாள், நடுப்பின் பைண்டிங். 48 பக்கத்துக்கு அது போதும்; பக்கம் கூடினால் முதுகு ஒட்டும் பைண்டிங்கைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஒளிப்படங்களை இந்தத் தாளில் அச்சிடச் சொல்லாதீர்கள், கருமை அப்பிவிடுகிறது.

சொன்ன தேதியில் தரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மாங்கூழ் ஆலைகளின் லேபிள் வேலையும் முகூர்த்தப் பத்திரிகைகளும் ஒன்றாகக் குவியும் மாதங்களில் நூல் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. ஆடி மாதத்தில் கொடுப்பது நல்லது. தட்டச்சுக் கோப்பைக் கேட்டால் தயங்காமல் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மறு அச்சுக்கு வரும்போது மாதிரிப் பிரதி ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.