டோனி விருதுக் கணிப்புப் போட்டி என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்: நம் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். அமெரிக்காவில் நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருது யார் யாருக்குக் கிடைக்கும் என்று சரியாகச் சொன்னால் 25,000 ரூபாய் பரிசு என்று 2025 மே மாதம் நம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டி நடந்தது. நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். நான் கட்டினேன், என்னோடு படித்த பிள்ளைகள் கட்டினார்கள், எங்கள் அண்ணன் அதே ஆட்கள் "உள் தகவல்" என்று தனியாக விற்றதற்கும் சேர்த்துக் கட்டினார். எங்களில் யாருக்கும் ஒரு பைசா திரும்பி வரவில்லை. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் வேறு குரூப் தொடங்கி ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் டோனி விருதை யார் பார்க்கிறார்கள் என்று சிலர் கேட்பீர்கள். பார்க்கிறோம். திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து இடம் பிடித்து, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது இன்றைக்கு யார் கை ஓங்கும் என்று பேசிக்கொண்டே விடிய வைத்த சனத்துக்குப் பாட்டால் கதை சொல்வது புதுசில்லை. அதோடு 2025ல் ஒரு கூடுதல் காரணமும் இருந்தது. அந்த வருஷம் பேசப்பட்ட 'மேபி ஹேப்பி எண்டிங்' என்ற இசை நாடகம் சியோலில் நடக்கும் கதை, 2016ல் முதலில் கொரியாவில்தான் மேடை ஏறியது. கொரியத் தொடர் பார்க்கிற பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். போட்டிக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. "கொரிய ரசிகைகளே, உங்கள் நேரம் வந்துவிட்டது" என்றுதான் அறிவிப்பே தொடங்கியது.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், பையன்கள் வீட்டில் இருப்பார்கள், நிவாரணமாக வருகிற 8,000 ரூபாயை வைத்து ரெண்டு மாதத்தை ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் 25,000 என்றால் யாருக்குத்தான் கண் போகாது. டோனி பரிந்துரைப் பட்டியல் மே 1ல் வந்தது, விழா ஜூன் 8. நடுவில் இருக்கிற நாட்கள் அப்படியே தடைக்காலத்துக்குள்.

போட்டி வெளியே பார்க்க ஒழுங்காகவே இருந்தது. 26 பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து கூகுள் படிவத்தில் அனுப்ப வேண்டும், அதிகம் சரியாகச் சொன்னவருக்கு முதல் பரிசு. ஜூன் 8 இரவு 10 மணியோடு முடிவு என்று எழுதியே போட்டிருந்தார்கள். நான் இதை விளையாட்டாகச் செய்யவில்லை, உட்கார்ந்து படித்துத்தான் செய்தேன். 'சன்செட் பூல்வார்டு' நாயகி நிக்கோல் ஷெர்சிங்கர் அதே வேடத்துக்கு 2024ல், லண்டன் நாடகங்களுக்குக் கொடுக்கும் ஆலிவியர் விருது வாங்கியவர். எதிரில் 'ஜிப்சி'யில் நடித்த ஆட்ரா மெக்டொனால்ட், நடிப்புக்காக மட்டும் ஏற்கனவே ஆறு டோனி வாங்கியிருந்த ஒரே கலைஞர். அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். சிறந்த இசை நாடகத்துக்கு மூன்று நாடகம் தலா 10 பரிந்துரையோடு நின்றன, அதனால் பரிந்துரை எண்ணிக்கையை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், இது குருட்டாம்போக்கில் டிக் அடிக்கிற வேலை இல்லை. எனக்கு 26ல் 20 சரியாக வந்தது. அறிவிப்பில் போட்டிருந்த விதிப்படி பார்த்தால் முதல் பரிசு எனக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அண்ணன் வாங்கிய "உள் தகவல்" கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு அதிகம் போனது அங்கேதான். 1,500 ரூபாய் கட்டினால், நியூயார்க்கில் ஓட்டுப் போடுகிற ஒருத்தர் நம் ஆள், அவர் மூலம் ஜெயித்தவர் பெயர் முன்கூட்டியே வரும், அதைப் படிவத்தில் போட்டால் பரிசு உறுதி என்று பேச்சு. விழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் அண்ணனுக்கு மெசேஜ் வந்தது: சிறந்த நடிகை ஆட்ரா, 100 சதவீதம் கன்பார்ம், யாரிடமும் காட்டக்கூடாது. அன்று சாயங்காலம் பாம்பனில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த இடத்தில், மண்டபத்திலிருந்து வந்த அண்ணனின் சிநேகிதரும் இதே தகவலை வாங்கியிருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. ரெண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வாசகம், அதே நெருப்புப் படம், 'கன்பர்ம்' என்று கால் விட்டுப்போன அதே எழுத்துப்பிழை. பெயர் மட்டும் வேறு. அவர் போனில் ஷெர்சிங்கர் என்று இருந்தது.

அண்ணன் உடனே ஃபோன் போட்டார். "அண்ணே, கடைசி நிமிஷத்துல ஓட்டு மாறிருச்சு, உங்களுக்கு அப்டேட் வரும்" என்றான் எடுத்தவன். அப்டேட் வரவில்லை. விழாவில் ஷெர்சிங்கர் ஜெயித்தார். மண்டபத்துக்காரருக்கு "பார்த்தீர்களா எங்கள் பவரை" என்று மெசேஜ் வந்தது, கூடவே அடுத்த விருதுக்கு 4,000 ரூபாய் பேக்கேஜ் வாங்கச் சொன்னார்கள். அண்ணனைக் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வேலை இவ்வளவுதான்: வாங்கினவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பெயர் அனுப்ப வேண்டியது, எது வந்தாலும் ஒரு பாதிக்கு "சரியாகச் சொன்னான்" என்று தோன்றும், அந்தப் பாதியிடம் அடுத்த முறை பெரிய தொகை கேட்க வேண்டியது. தப்பாகப் போனவர்கள் குரூப்பிலேயே இல்லை, அதனால் புகார் சொல்ல உள்ளே ஆளும் இல்லை.

உள்ளிருந்து தகவல் வரும் என்ற பேச்சே பொய் என்பதற்கு விருது நடக்கிற முறையைத் தெரிந்துகொண்டால் போதும். டோனிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் 800 பேருக்கு மேல்: தயாரிப்பாளர்கள், நடிகர்கள், இயக்குநர்கள், நாடக அரங்கு நடத்துகிறவர்கள், இன்னும் பலர். ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். ஓட்டு ரகசியம், எண்ணுவது வெளியே இருக்கிற கணக்குத் தணிக்கை நிறுவனம். ஓட்டுப் போடுகிற ஒருத்தரை உங்களுக்கு நிஜமாகவே தெரியும் என்று வைத்துக்கொண்டாலும் அவருக்குத் தெரிவது அவருடைய ஒரு ஓட்டு மட்டும்தான். 2016ல் 'ஹாமில்டன்' 16 பரிந்துரையோடு வந்து 11 வாங்கியது, அதை எல்லாரும் முன்னாலேயே சொன்னார்கள். ஆனால் 2004ல் 'விக்கட்'தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சிறந்த இசை நாடகம் 'அவென்யூ க்யூ'வுக்குப் போனது. அந்த ஊரிலேயே இருந்து வருஷம் முழுக்க நாடகம் பார்த்து எழுதுகிறவர்களுக்கே இப்படி நடக்கிறது. தங்கச்சிமடத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு எங்கிருந்து 100 சதவீதம் வரும்?

சரி, இனி போட்டி. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

விழா நியூயார்க்கில் ஞாயிறு இரவு 8 மணிக்குத் தொடங்கும்போது நமக்குத் திங்கள் காலை 5.30. ஆனால் அதற்கு முன்னாலேயே, அங்கே 6.40க்கு, ஒரு முன்நிகழ்ச்சி உண்டு. காட்சி அமைப்பு, உடை, ஒளி, ஒலி போன்ற தொழில்நுட்ப விருதுகளை அதில் கொடுத்துவிடுவார்கள். நமக்கு அது விடிகாலை 4.10. நம்மில் பெரும்பாலானவர்கள் எழுந்து பார்க்கிறது 5.30க்கு மேல்தான்.

காலை 10 மணிக்கு மேல் குரூப்பில் முடிவு போட்டார்கள். முதல் இடத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர், 26ல் 22. நான் இரண்டாவது. எல்லாருடைய விடைகளும் இருக்கிற தாளின் லிங்க்கையும் நம்பிக்கைக்காகப் போட்டிருந்தார்கள். அதைத் திறந்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். நேரம் போட்ட பத்தியில் என் பெயருக்கு நேரே நான் அனுப்பிய நேரம் சரியாகவே இருந்தது, ஆக கடிகாரத்தில் கோளாறு இல்லை. முதல் இடக்காரருக்கு நேரே ஜூன் 9, காலை 5.12 என்று இருந்தது. இரவு 10 மணிக்கு மூடிய படிவம்! விடைகளைப் பாருங்கள்: காட்சி, உடை, ஒளி, ஒலி ஆகியவை இசை நாடகத்துக்கு நான்கு, வசன நாடகத்துக்கு நான்கு, ஆக எட்டுக்கு எட்டு சரி. எல்லாரும் சறுக்குகிற இடமே அந்த எட்டுதான், எனக்கே அதில் நான்குதான் வந்தது. அப்படி எட்டையும் பிடித்த ஆளுக்கு 5.30க்கு அப்புறம் அறிவித்த சிறந்த நடிகை தப்பு. 5.12க்குள் வெளியே வந்துவிட்டது எல்லாம் சரி, வராததில் மற்றவர்களைப் போலச் சிலது சரி, சிலது தப்பு.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் லிங்க் பூட்டப்பட்டது. அப்புறம் ஒருத்தர் தனியாக அழைத்து, "அக்கா, சர்வர்ல நேரம் தப்பா விழுந்திருக்கு, நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க, உங்களுக்கு ரெண்டாம் பரிசு 10,000 இருக்கு" என்று தேனொழுகப் பேசினார். அறிவிப்பில் ரெண்டாம் பரிசு என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த 10,000 வாங்க முதலில் வரியும் செயலாக்கக் கட்டணமும் சேர்த்து 1,800 ரூபாய் கியூஆரில் அனுப்ப வேண்டுமாம். பரிசில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றேன். சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் அனுப்பவில்லை. ஆனால் மூன்றாம் இடம் என்று சொல்லப்பட்ட கீழக்கரைத் தோழியின் அம்மா, மகள் ஜெயித்த காசு போய்விடக் கூடாதே என்று அனுப்பிவிட்டார். அனுப்பிய அன்றைக்கே அந்த அம்மாவின் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். எனக்கு இதில் ரொம்ப வயிறெரிந்தது அந்த அம்மா விஷயத்தில்தான். கருவாட்டுக் கடையில் நின்று சேர்த்த காசு அது.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம், இணையதளத்திலும் பதிந்தோம், புகார் எண் இருக்கிறது. காசு போன கணக்கு குரூப் நடத்தியவர்கள் பெயரில் இல்லை, கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். "உன் அக்கவுண்ட்டைக் கொடு தம்பி, வந்து போகிற காசுக்கு நூற்றுக்கு ரெண்டு உனக்கு" என்று நம் பையன்களிடம் கேட்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வீட்டு வாசலில்தான்.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். பணம் போன உடனே 1930, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. சாட்டை அழிக்காதீர்கள், குரூப்பை விட்டு நீங்களாக வெளியே வராதீர்கள், பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண்ணை (வங்கியோ ஆப்போ காட்டும் பரிவர்த்தனை எண்) குறித்து வையுங்கள். காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டு நடத்துவதையே 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை செய்திருக்கிறது, "திறமைப் போட்டி, அதனால் செல்லும்" என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

கணிக்கிற ஆசை இருந்தால் நாலு பேர் சேர்ந்து தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒரு பொது ஆளிடம் கொடுத்துவிட்டு விழா முடிந்து பிரியுங்கள். காசு எதற்கு? நாங்கள் இனி அப்படித்தான் செய்யப்போகிறோம்.

புது குரூப்பில் மஞ்சள் நிறத்தில் முகமூடி படம் போட்டிருக்கிறதாம், ஆலிவியர், டோனி ரெண்டுக்கும் சேர்த்து 499 ரூபாய் என்கிறார்களாம். உங்களுக்கு அந்த அழைப்பு வந்திருந்தால் காசு அனுப்பாமல் கியூஆரை மட்டும் ஸ்கேன் செய்து, என்ன பெயர் காட்டுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.