அறுபது டேப், 8 ஜிபி ராம்: எந்த உலாவி?

மொழிபெயர்ப்பாளரின் திரையில் டேப்கள் பெருகுவதைத் தடுக்க முடியாது. அகராதிகள் நான்கு, மூல ஆவணம், பழைய அரசாணைகள், இரண்டு மின்னஞ்சல் கணக்குகள், நடுவே மூட மறந்த ஒரு கிரிக்கெட் ஸ்கோர். மாலைக்குள் எண்ணிக்கை அறுபதைத் தொட்டுவிடும். என் மடிக்கணினியிலோ 8 ஜிபி ராம்தான், கூட்டவும் வழியில்லை. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றையும் மாதத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு ஃபயர்பாக்ஸில் நின்றுவிட்டேன்.

வேகத்தில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டேப்களை அடுக்குவதில் ஃபயர்பாக்ஸ் தாமதமாகத்தான் விழித்தது. எட்ஜில் 2021இலேயே வந்துவிட்ட செங்குத்து டேப் வரிசை, இதில் 2025இல்தான் வந்தது.

எனக்கு முடிவு சொன்னது வேறு: சும்மா கிடக்கும் டேப்பை உலாவி என்ன செய்கிறது?

எட்ஜ் அதைத் தூங்க வைக்கிறது. எவ்வளவு நேரம் தொடாமல் இருந்தால் தூங்கலாம் என்பதை நாம் குறிக்கலாம். தூங்குகிற டேப்பைத் தொட்டால் சட்டென்று எழுந்துவிடும். இதில் எட்ஜுக்கே முதலிடம். குரோமின் நினைவகச் சேமிப்பு வசதி டேப்பை ராமிலிருந்தே இறக்கிவிடுகிறது. திரும்பிப் போனால் பக்கம் மறுபடி ஏறும். இரண்டிலும் தொடக்கூடாத தளங்களின் பட்டியலை நாம்தான் போட்டு வைக்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸின் போக்கு வேறு. விண்டோஸில் 2021இல் வந்த 93ஆம் பதிப்பு முதல், ராம் பற்றாமல் போகும்போதுதான் அது டேப்களில் கை வைக்கிறது. அதுவும் நெடுநாளாகத் தொடாதவற்றிலிருந்து. பாட்டு ஓடும் டேப்பையும் பொருத்தி (பின் செய்து) வைத்த டேப்பையும் கடைசிவரை விட்டுவைக்கும். இறக்கிய பக்கம் மீண்டும் ஏறும்போது, படித்துக்கொண்டிருந்த இடமும் படிவத்தில் தட்டிய எழுத்தும் பெரும்பாலும் திரும்பி வருகின்றன. பாதி வாக்கியத்தில் எழுந்துபோகும் பழக்கமுள்ள எனக்கு இது போதும். 2025இன் 140ஆம் பதிப்பிலிருந்து வலது கிளிக் செய்து நானே ஒரு டேப்பை இறக்கி வைக்கவும் முடிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு எழும் முன் இருபதை இறக்கிவிடுகிறேன். காலையில் பழைய அமர்வைத் திறந்தால் அறுபதும் வரிசையில் நிற்கும். ஆனால் பொருத்தியவை தவிர, தொட்டது மட்டுமே ஏறும்.

ஒவ்வொரு டேப்பின் உள்நுழைவையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் கன்டெய்னர் நீட்சி கூடுதல் லாபம். வீட்டு மின்னஞ்சலும் அலுவலக மின்னஞ்சலும் ஒரே ஜன்னலில், பக்கத்துப் பக்கத்து டேப்பில் திறந்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் இதற்குத் தனிப் புரொஃபைல், தனி ஜன்னல்.

விவால்டி என்ற இன்னொரு உலாவியைப் பத்து நாள்தான் வைத்திருந்தேன். இரண்டு பக்கங்களை ஒரே ஜன்னலில் அருகருகே நிறுத்தும் வசதி மொழிபெயர்ப்புக்கென்றே செய்ததுபோல இருந்தது. அறுபது டேப்பை அதில் ஏற்றிப் பார்க்கவில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பேட்டரி எட்ஜில் சற்று அதிகம் நின்றதாகத் தோன்றியது. கடிகாரம் வைத்து அளக்கவில்லை. சில தளங்கள் ஃபயர்பாக்ஸில் முரண்டு பிடிக்கும்போது, விண்டோஸோடு வந்த எட்ஜைத் திறந்து வேலையை முடித்துக்கொண்டு மூடிவிடுகிறேன்.