கடையா, கூடுகையா, சென்னைப் பயணமா: நெல்லைச் சித்திரக்கதைக்காரர்கள் எங்கே சந்திப்பது?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சித்திரக்கதை வரைகிறவர்களும் எழுதுகிறவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சந்திக்க வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மறுப்பு இல்லை. எங்கே, எந்த வடிவில் என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் பேச்சு முடியாமல் நிற்கிறது. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் எல்லாரும் சேர்ந்து ஒரு கடை எடுப்பது ஒரு வழி. பாளையங்கோட்டையில் படைப்பாளிகள் மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசுவது இன்னொரு வழி. சென்னைக்கோ ஈரோட்டுக்கோ குழுவாகப் போய் அங்கு நடக்கும் பெரிய நிகழ்வுகளில் கலந்துகொள்வது மூன்றாவது. மூன்றிலும் நான் பங்கெடுத்திருக்கிறேன். மூன்றையும் ஒரே ஆண்டில் செய்வதற்கான பணமும் விடுப்பும் எங்களில் பெரும்பாலோருக்கு இல்லாததால், எதை முதன்மையாகக் கொள்வது என்று அலசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியூர்ப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்ற சித்திரக்கதைப் பெருவிழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது, பல மொழிக்காரர்கள் தங்கள் பக்கங்களை எப்படி அமைக்கிறார்கள், அட்டைக்கு எப்படிப்பட்ட தாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையெல்லாம் நந்தம்பாக்கத்திலேயே பார்க்க முடிந்தது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் நடத்தும் புத்தகத் திருவிழாவின்போது சிவகாசியிலிருந்து வெளிவரும் காமிக்ஸின் வாசகர்கள் சந்தித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக விடாமல் படித்துவரும் வாசகர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம் செய்து, அறை எடுத்துத் தங்கி, மறுநாள் இரவே திரும்பும் செலவை எங்களில் இரண்டு மூன்று பேர்தான் தாங்க முடியும். போய் வந்தவர்கள் கற்றுக்கொண்டு வருகிறார்கள். போகாதவர்களுக்கு அது செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. வாய்ப்புள்ளவர் போய் வரட்டும் என்பதற்கு மேல் இதில் எனக்குச் சொல்வதற்கு இல்லை.

சித்திரக்கதை என்றாலே சென்னையை நோக்கித் திரும்பும் பழக்கம் நம் சீமைக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1972இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வெளிவந்தவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டிய நாள்காட்டியின் சாமி படத்தைப் பார்த்துத்தான் எங்களில் பலர் வரையத் தொடங்கினோம். அந்தப் படங்களின் மரபை வளர்த்தெடுத்த சி. கொண்டையராஜு குடியேறித் தொழில் செய்த ஊர் கோவில்பட்டி. அச்சும் ஓவிய மரபும் பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, எங்களுக்கு இல்லாமல் போனது ஒருவரையொருவர் பார்க்க ஓர் இடம் மட்டுமே.

எனவே உண்மையான போட்டி திருவிழாக் கடைக்கும் தனிக் கூடுகைக்கும் இடையில்தான்.

பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவை மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைப் பேருந்துகளில் கூட்டிவருகிறார்கள். கையில் சிறு தொகையோடு வரும் அந்தப் பிள்ளைகளை வேறு எந்த நிகழ்வும் நம் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்காது. ஓர் ஆண்டு நண்பர் ஒருவரின் கடையில், என்னுடைய 24 பக்கக் கதையை ஒரு ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தேன். சீருடையில் வந்த ஒரு பையன் ஒரு பிரதியைக் கையில் எடுத்தான். மடித்த இருபது ரூபாய்த் தாள் ஒன்று அவன் கட்டைவிரலுக்கும் அட்டைக்கும் நடுவே இருந்தது. நின்ற இடத்திலேயே படிக்கத் தொடங்கினான். நான்காம் பக்கத்தில் கிணற்றுக்குள் இறங்கும் காட்சி வந்ததும் பக்கத்தைப் புரட்டாமல் மேல்வரிசைக் கட்டங்களுக்குத் திரும்பிப் போனான். விரலால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கினான். அந்தப் பக்கத்தில் கண் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நான் தவறாக அமைத்திருக்கிறேன் என்பது அந்த விரலைப் பார்த்த கணத்தில் எனக்கு விளங்கியது. படித்து முடித்ததும், "அண்ணே, இதுக்கு அடுத்த பாகம் எப்ப வரும்?" என்று கேட்டான். விலை முப்பது ரூபாய் என்று அட்டையில் போட்டிருந்தது. இருபதுக்கே கொடுத்து அனுப்பினேன்.

இப்படி ஒரு வாசகனை முகத்துக்கு நேரே பார்ப்பது கடையினால் மட்டுமே கிடைக்கும் பேறு. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. விற்பனையும் நடக்கிறது, நூலகர்களும் ஆசிரியர்களும் வந்து பார்க்கிறார்கள், அச்சிட்ட பெயரைக் குடும்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் பத்து நாள், காலை முதல் இரவு வரை, யாராவது ஒருவர் கடையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் பள்ளியிலோ விளம்பரப் பலகை எழுதும் இடத்திலோ டிடிபி மையத்திலோ வேலை பார்க்கிறவர்கள். முறை வைத்து நிற்கும்போது ஒருவர் வர மற்றவர் கிளம்புவார். ஆகவே ஒரே கடையில் பெயரிருந்தும் நாங்கள் சேர்ந்து இருந்த நேரம் சில நிமிடங்கள்தான். மாலையானால் மேடை நிகழ்ச்சி தொடங்கிவிடும். ஒலிபெருக்கிக்கு நடுவே விலை சொல்வதே கடினம், ஒரு கதையின் முடிவைப் பற்றி விவாதிப்பது எங்கே நடக்கும்? இன்னொரு குறையும் உண்டு. கடைக்கு முடிந்த புத்தகம் வேண்டும். முதல் பத்துப் பக்கம் வரைந்துவிட்டு மேலே போகத் தெரியாமல் நிற்கிறவருக்கு அங்கே இடமில்லை. அவருக்குத்தான் துணை அதிகம் தேவை.

தனிக் கூடுகையில் மேசைமேல் இருப்பவை அந்த முடியாத பக்கங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரின் பயிற்சி மையத்தில் பதினோரு பேர் கூடினோம். ஆளுக்கு நான்கு பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே விதி. என் பக்கங்களை எடுத்துப் பார்த்த மூத்தவர் ஒருவர், பல ஆண்டுகள் அச்சகத்துக்காகப் பலூனுக்குள், அதாவது பாத்திரங்களின் பேச்சை அடைக்கும் வட்டத்துக்குள், எழுத்து எழுதியவர், படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு பலூனைச் சுட்டிக்காட்டினார். "எழுத்த மொதல்ல எழுதுங்க தம்பி, பொறவு அதச் சுத்திப் பலூனப் போடுங்க" என்றார். நான் பலூனை முதலில் வட்டமாக வரைந்துவிட்டு, 'சொல்லிக்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல்லை அதற்குள் மூன்றாக உடைத்து அடைத்திருந்தேன். ஆங்கிலக் கதைகளைப் பார்த்து வரையக் கற்ற எல்லாரும் செய்யும் பிழை இது. அங்கே சொற்கள் குட்டையானவை, வட்டத்துக்குள் அடுக்கிவிடலாம். தமிழில் வினைமுற்று நீண்டு ஓடுவதால் பலூன் அகலமாகவும் கட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டியும் இருக்க வேண்டும். அதற்கேற்ப ஆளின் தலையைப் பென்சில் நிலையிலேயே கீழே இறக்கி வைக்க வேண்டும்.

அவர் சொன்னதிலிருந்து பேச்சு வட்டார வழக்குக்குப் போனது. பலூனில் நம் பேச்சை அப்படியே எழுதலாமா, மதுரைக்கு வடக்கே படிக்கிறவருக்குப் புரியுமா என்பது எங்கள் எல்லாருக்கும் உள்ள கவலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி, எழுத்தெண்ணிக் காட்டினாள்: 'சொல்கிறேன்' என்று எழுதுவதைவிட 'சொல்லுதேன்' என்று எழுதினால் இடம் கூடுவதில்லை, 'வந்துகொண்டிருக்கிறான்' என்று நீட்டுமிடத்தில் 'வந்துட்டிருக்கான்' போதும். ஆச்சி பேசும் கட்டத்தில் 'ஏட்டி' என்ற ஒரு விளி இருந்தால் அது பெண்ணை அழைக்கிறது என்பதைப் படமே காட்டிவிடுகிறது. உரைநடையில் வேண்டியிருக்கும் விளக்கம் சித்திரக்கதையில் வேண்டியதில்லை. வழக்கைத் துணிந்து எழுதலாம் என்று அன்று நான் முடிவெடுத்தேன். திருவிழாக் கடையில் பத்து ஆண்டு நின்றிருந்தாலும் இந்த முடிவுக்கு வந்திருக்கமாட்டேன்.

கூலியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேச முடிந்ததும் அங்கேதான். எங்களில் ஒருவர் வரைந்து கொடுத்த கதாபாத்திரத்தை ஒரு பதிப்பகம் அவரிடம் கேட்காமலே வேறு புத்தகங்களிலும் பயன்படுத்தியிருந்தது. அவரிடம் எழுத்தில் எதுவும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே போகும் என்ற விதியும் உள்ளது. வேலைக்காரராக இருந்து வரைந்தால் நிலைமை இன்னும் மாறும். ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதை விளக்கிய நண்பர் ஒரு மாதிரித் தாளையும் எழுதிக் கொடுத்தார். அன்று வந்த எல்லாரும் அதைப் படியெடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொண்டதும் அன்றுதான். ஒரே வேலைக்கு ஒருவர் வாங்கியதில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மூலப் பக்கங்களைப் பாதுகாப்பதும் பேசப்பட்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்த நண்பர் ஒருவரின் மரப்பெட்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மை கரைந்து தாளோடு தாள் ஒட்டிக்கொண்ட பக்கங்களின் கட்டு ஒன்றை அவர் கூடுகைக்குக் கொண்டுவந்திருந்தார். மேல்தாளை நகத்தால் மெல்ல உரித்தால் அடுத்த தாளில் இருந்த முகம் இதில் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கம் முடிந்த அன்றே ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து வைப்பது என்று அன்று இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டோம். அம்பாசமுத்திரத்துக்காரரின் பக்கங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன; என்னுடையவை அவரிடம்.

தனிக் கூடுகைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பணம் வராது, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்துதான் போட வேண்டும். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களை அழைப்பதால் அதே முகங்களே வருகின்றன. வரைகிற பெண்கள் பலர் இருந்தும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டை விட்டு வருவது எளிதாக இல்லாததால், அன்று வந்தவர்கள் இரண்டே பேர். காலை நேரத்தோடு முடித்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று வைத்தால் இது மாறும் என்று நினைக்கிறேன். யாருக்கோ சொந்தமான இடத்தைவிட மாவட்ட மைய நூலகம் போன்ற பொது இடம் நல்லது. புதியவர் ஒருவர் தயக்கமில்லாமல் உள்ளே வருவார்.

என் தேர்வு தனிக் கூடுகையை முதலில் வைப்பது, கடையை அதன் விளைவாக வைப்பது. இரண்டையும் சேர்க்கும்போது நாள் குறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்கை ஒட்டி நாள்காட்டி ஆல்பங்கள் (மாதிரித் தொகுப்புகள்) வெளியாகிவிட்டால் டிசம்பர் வரை மிஷின்கள் காலண்டர் வேலையில் மும்முரமாகிவிடும். நம்மைப் போன்றவர்களின் 500 பிரதி வேலை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு 100 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றேதான், அதுவும் வண்ணமென்றால் நான்கு பிளேட். எனவே தனித்தனியாக நூறு நூறாக அடிப்பதைவிட, நான்கு பேரின் கதைகளை ஒரே தொகுப்பாக, கறுப்பு வெள்ளையில், பதினாறின் மடங்கான பக்கங்களில் அடித்தால் தாளும் வீணாகாது, ஒரு பிரதியின் அடக்க விலையும் இறங்கும். இதற்கெல்லாம் கதைகள் ஆடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் ஊர்க்கோயில்களில் கொடை விழாக்கள். அந்த நாட்களில் கிராமத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். வரச் சொல்வதும் முறையில்லை. ஆடியிலும் அம்மன் கோயில்களில் கொடை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களை விட்டுவிட்டால், தடையில்லாத ஞாயிறு அம்மாதத்தில்தான் கிடைக்கிறது. அன்று பக்கங்களைப் பார்த்துத் திருத்தி, மாதக் கடைசிக்குள் அச்சுக்குக் கொடுத்துவிட்டால், திருவிழா எந்த மாதத்தில் வந்தாலும் பிரதிகள் கையில் இருக்கும். கடையில் நிற்கும் முறைகூட அன்றைக்கே எழுதிவிடலாம். ஒரு நேரத்துக்கு இரண்டு பேராக, ஒருவர் விற்க, மற்றவர் வாசிக்கும் பிள்ளைகளின் விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள.