ஸ்மார்ட் ஸ்பீக்கர்: சமையலறைக்குச் சரி, பல்புக்கு யோசிக்கணும்

குரலில் சொன்னால் வேலை செய்யும் இந்த ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே உபயோகமா, இல்லை நாலு நாள் விளையாடிவிட்டு மூலையில் போடப்போகிறோமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்று ஓடுகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, நான் எழுதுவதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கலாம், ஆனால் எங்கே வைக்கிறோம், எதை அதோடு இணைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் தொல்லைதான். சீரியலில் யாரோ யாரையோ அதட்டினால்கூட தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடுவில் பேச ஆரம்பித்துவிடும். சமையலறைக்கு மாற்றிய பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. கையெல்லாம் மாவாக இருக்கும்போது போனைத் தொடாமல் இட்லிக்குப் பத்து நிமிஷம், பக்கத்து அடுப்பில் முட்டைக்கு எட்டு நிமிஷம் என்று தனித்தனியாகப் பெயர் வைத்து டைமர் போடலாம், நடுவில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் சொல்லும். இந்த ஒரு வேலைக்கே போட்ட காசு வந்துவிட்டது என்பேன். வாங்கவேண்டிய சாமானை லிஸ்டில் ஏற்றவும் நல்லது, ஆனால் பெருங்காயம் என்று சொன்னால் அது என்ன எழுதிவைக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம், அதனால் ஹிங் என்று சொல்லிப் பழகிக்கொண்டோம். மிக்ஸி ஓடும்போது கத்தினாலும் காது கேட்காது. குக்கர் விசிலை எண்ணிச் சொல்லுமா என்று மாமியார் கேட்டார்கள், அதுவும் கிடையாது.

அவங்களுக்கு முழங்கால் வலி, ராத்திரி எழுந்து சுவிட்சைத் தேடவேண்டாம் என்பதற்காகவே அவங்க ரூமுக்கும் சின்னதாக ஒன்று வாங்கினோம். மொழிதான் பிரச்சினை. அமேசான் ஸ்பீக்கர்களில் பேசும் அலெக்ஸா இந்தியாவுக்கு வந்தது 2017-ல், இந்தி பேசத் தொடங்கியது 2019-ல், முழுக்கத் தமிழில் பேச இன்னும் வழியில்லை. போனில் இருக்கும் கூகுள் அசிஸ்டன்ட்டுக்குத் தமிழ் நன்றாகவே புரியும், ஸ்பீக்கருக்கு வரும்போது அந்த வசதி இல்லை. நல்லவேளை, லைட், ஃபேன், ஆன், ஆஃப் எல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வேறு மாதிரி சொல்வதில்லை, அதனால் அவங்க சமாளித்துவிட்டார்கள். மாத்திரை நேரத்தை மட்டும் அது இங்கிலீஷில் சொன்னதும் "என்னம்மா சொல்றான் இவன்?" என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

இப்போது பல்புக் கதை. ஸ்மார்ட் பல்பு குரலுக்கு வேலை செய்யவேண்டுமென்றால் சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கவேண்டும். நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா? ரூமைவிட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டுவது சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம், வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொன்னாலும் கை தானாகப் போகிறது. அப்புறம் ஸ்பீக்கரிடம் கேட்டால் பல்பு பதில் சொல்லவில்லை என்று சொல்லும். இன்னொன்று, கரண்ட் போய் நடுராத்திரி திரும்பி வந்ததும் பல பல்புகள் தானாகவே முழு வெளிச்சத்தில் எரியும். ஆப்பில் இதை மாற்ற வழியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருந்தால்தான் கரண்ட் இல்லாதபோது இதெல்லாம் வேலை செய்யும், நெட் இல்லையென்றால் ஸ்பீக்கரால் பெரிதாக எதுவும் செய்யமுடியாது.

பல்புக்குப் பதில் ஸ்மார்ட் பிளக், அதாவது சுவர் சாக்கெட்டில் மாட்டி அதில் செருகும் சாதனத்தைக் குரலில் ஆன், ஆஃப் செய்ய வைப்பது, உருப்படியான பொருள், குறிப்பாக காலையில் கீசருக்கு. ஆனால் 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் என்றால் 13. அதனால் விலை குறைவு என்று 6 ஆம்பியர் பிளக் வாங்கி மாட்டிவிடாதீர்கள், 16 ஆம்பியர்தான் வேண்டும். தண்ணி மோட்டாரை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், தொட்டி நிரம்பி வழிவது பிளக்குக்குத் தெரியவும் தெரியாது.

ஒட்டுக்கேட்குமா என்று கேட்பவர்களுக்கு: பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை அந்தப் பெயருக்காக மட்டும் காத்திருக்கும், அதன்பிறகு நாம் சொல்வது கம்பெனியின் சர்வருக்குப் போகும். தப்பாகக் காதில் விழுந்தாலும் போகும். குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த புகாரில் அமேசான் 2023-ல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே அமேசானின் எக்கோ ஸ்பீக்கர்களில் சில மாடல்களில் குரலை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது, அதையும் 2025 மார்ச் 28-ல் எடுத்துவிட்டார்கள். பதிவுகளை அவ்வப்போது ஆப்பில் போய் அழிக்கிறேன், வீட்டில் பணம் காசு பேசும்போது மைக் பட்டனை அமுக்கிவிடுகிறேன். படுக்கையறையில் வைக்க எனக்கு இஷ்டமில்லை, மாமியார் ரூம் மட்டும் விதிவிலக்கு.

வாங்குவதென்றால் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, 16 ஆம்பியர் பிளக் ஒன்று போதும். திரை வைத்த மாடல் தேவைப்படவே இல்லை. தீபாவளி ஆஃபரில் விலை நன்றாக இறங்கும், அதுவரை பொறுக்கமுடிந்தால் பொறுங்கள்.