ஏழு மணிக்கு வீடு திரும்பாத பிள்ளை: நான்கு வளர்ப்பு முறைகள், ஓர் ஒப்பீடு

வட சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் மாலை நேரப் பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி பாடத்தைப் பற்றியதன்று, "அடிச்சு வளர்க்கறதா, விட்டுப் பிடிக்கறதா, எது சார் நல்லது?" என்பதுதான். இக்கேள்வி இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. குழந்தை வளர்ப்பை ஆராய்ந்தவர்கள் நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும், நம் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றே அவற்றுள் மேலானது என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நேரில் கவனித்து, 1966, 1967 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் மூன்று வளர்ப்பு முறைகளை விவரித்தார்: ஏன் என்று கேட்கவிடாத அதிகாரம், எதற்கும் தடை சொல்லாத செல்லம், காரணம் சொல்லி உறுதியாக நிற்கும் கண்டிப்பு. 1983-இல் எலினார் மக்கபி, ஜான் மார்ட்டின் இருவரும் இதை இரண்டு அளவுகோல்களாக்கினார்கள். பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பது ஒன்று. பிள்ளை சொல்வதற்கு எவ்வளவு செவிகொடுக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டுமே இல்லாத வீடு நான்காவது வகையாகச் சேர்ந்தது.

எங்கள் பகுதியில் அன்றாடம் நடக்கும் ஒன்றை வைத்தே இவற்றை ஒப்பிடலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் அருகிலுள்ள செரியன் நகரைச் சேர்ந்த இளம் வீராங்கனை காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற பிறகு, கேரம் ஆடப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் உடனே தடுக்க இங்குள்ள பெற்றோர் தயங்குகிறார்கள். ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும் என்ற பேச்சோடு அனுப்பப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையன் எட்டரைக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் கதவு திறந்தவுடன் முதுகில் அடி விழும். இரண்டாவது வீட்டில், "பாவம், விளையாடுற புள்ள" என்று ஆயா (பாட்டி) தட்டை எடுத்து வைப்பார். மூன்றாவது வீட்டில் ஏன் தாமதம் என்று கேட்பார்கள்; சொல்வதை முழுதும் கேட்டுவிட்டு, நாளைக்கு ஆட்டம் கிடையாது என்பார்கள்; மறுநாள் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்வார்கள். நான்காவது வீட்டில் அவன் வந்ததே யாருக்கும் தெரியாது.

முதல் வீட்டுப் பிள்ளைகளை வகுப்பில் என்னால் எளிதில் அடையாளம் காண முடியும். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பின்னக் கணக்கை இடக்கையால் மறைத்துக்கொண்டே போடுவான். என் நிழல் நோட்டின் மேல் விழுந்தால் போதும், எழுதியதை அழித்துவிடுவான். ஒரு நாள் அழிப்பதற்குள் பார்த்துவிட்டேன். விடை சரியாகவே இருந்தது. "சரியாத்தானேப்பா போட்டிருக்க, ஏன் அழிக்கற?" என்று கேட்டபோது, "தப்பா இருந்தா?" என்றான். தவறு செய்தால் என்ன நேரும் என்ற அச்சம், விடை சரியா என்று பார்க்கும் பொறுமையையே அவனிடமிருந்து பிடுங்கியிருந்தது. அந்த வீட்டில் அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். அவனுடைய தந்தை மூட்டை தூக்கிச் சம்பாதித்துப் படிக்க வைப்பவர். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர். ஆனால் 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கேலர் இருவரும் சுமார் 1.6 லட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடி வாங்கி வளர்வது மூர்க்கத்தோடும் மனநலக் குறைகளோடும் தொடர்புடையதாக இருந்ததே தவிர, நல்லொழுக்கத்தோடு தொடர்புடையதாக இல்லை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்துவிட்டது. வீட்டில் விழும் அடியோ இன்னும் அக்கறையின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

செல்லம் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் கை உயர்த்தத் தயங்குவதில்லை, தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறார்கள். இது சிறிய பேறன்று. கடினமான கணக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவதுதான் அவர்களிடம் நான் காணும் குறை. அமெரிக்காவில் சுமார் 4,100 வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்து லாரன்ஸ் ஸ்டைன்பர்க் உள்ளிட்ட குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. அதிகார வீட்டுப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள், ஆனால் தன்னம்பிக்கை குறைந்திருந்தார்கள். செல்ல வீட்டுப் பிள்ளைகள் தன்னம்பிக்கையோடு இருந்தார்கள், ஆனால் போதைப்பொருளைத் தொட்டுப் பார்ப்பதும் பள்ளியில் ஒழுங்கு மீறுவதும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. காரணம் சொல்லிக் கண்டிக்கும் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலான அளவுகளில் முன்னிலையில் நின்றார்கள். எல்லாவற்றிலும் பின்தங்கியவர்கள், நம் ஊர்ச் சொல்லில், தண்ணீர் தெளித்து விடப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்கு வளர்ப்பு முறை பற்றிய அறிவுரையைவிட, வந்தாயா சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு பெரியவர் முதலில் தேவை.

மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் தீர்ப்பு. எனினும் இந்த ஆய்வுகளில் பல அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களை வைத்து நடந்தவை. பாம்ரிண்டே 1972-இல், கறுப்பினக் குடும்பங்களில் கடுமையாக வளர்க்கப்பட்ட சிறுமிகள் துணிவும் தன்னிச்சையும் உள்ளவர்களாக இருந்ததைப் பதிவு செய்தார். ரூத் சாவ் 1994-இல், சீனக் குடும்பங்களின் கண்டிப்பில் பயிற்றுவிக்கும் அக்கறையும் கலந்திருக்கிறது, அதை வெறும் அதிகாரம் என்று அளப்பது பொருந்தாது என்று வாதிட்டார். எங்கள் பகுதிக்கும் இது பொருந்தும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஓயாது ஓடும் சாலையை இருட்டிய பின் தனியே கடக்கக் கூடாது என்று தாய் விதிக்கும் தடையில் பேரத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அதே தடை மகளுக்கு மட்டும் இருந்து, மகனுக்கு இல்லாமல் போகும்போதுதான் அது பாதுகாப்பு என்ற காரணத்தை இழந்துவிடுகிறது. மகள் அதை உடனே கண்டுகொள்கிறாள்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே வெவ்வேறு இயல்போடு இருப்பதைக் காட்டியது. அடங்காத பிள்ளை பெற்றோரைக் கடுமையாக்குவதும் உண்டு. ஆகவே எந்த ஆய்வையும் முழுக் காரணம் என்று படிக்கக் கூடாது.

ஆய்வு அட்டவணைகளுக்கு எளிதில் அகப்படாத சிக்கல் ஒன்று எங்கள் வீடுகளில் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று வளர்ப்பு முறைகள் வாழ்கின்றன: ஆயா செல்லம், தாய் சமாளிப்பு, தந்தை அடி. "நைனா வரட்டும், சொல்றேன் இரு" என்ற மிரட்டலில், கடலுக்குப் போயிருக்கும் தந்தை திரும்புவதற்கு முன்பே தண்டனையாகிவிடுகிறார். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் பெருமளவு அப்போதே வருவதால், ஆண்டின் மற்ற நாள்களில் வீட்டில் அதிகம் தங்காத தந்தையும் பிள்ளையும் நாள் முழுதும் நேருக்கு நேர் இருக்கிறார்கள். விதிகள் ஒரே நாளில் மாறுகின்றன, ஜூன் நடுவில் மீண்டும் மாறுகின்றன. நிலையான கடுமையைவிட இந்த ஏற்ற இறக்கமே பிள்ளையை அதிகம் குழப்புவதாக நான் கண்டிருக்கிறேன்.

ஒரு தந்தை இதை வேறு வகையில் பயன்படுத்தினார். தடைக் காலத்தின் முதல் வாரத்திலேயே, கேரம் ஆடிவிட்டு வரும் நேரத்தை நாட்காட்டியின் தாளில் குறிக்கும்படி மகனிடம் சொன்னார். ஏழு தாண்டினால் அதன் கீழே காரணத்தை மகன் எழுத வேண்டும். காரணம் சரியென்றால் விடுவார், இல்லையென்றால் மறுநாள் ஆட்டம் இல்லை. தானே வீடு திரும்பத் தாமதமான ஓர் இரவில் அவரும் கீழே காரணம் எழுதினார் என்று அந்தப் பையன் வகுப்பில் பெருமையோடு சொன்னான். ஜூன் மாதம் படகு கிளம்பிய பிறகு நாட்காட்டித் தாள்களை என்னிடம் காட்டினான். முதல் இரண்டு நாள் வெறுமையாக இருந்தன. மூன்றாம் நாளிலிருந்து நேரம் அவன் கையெழுத்திலேயே இருந்தது: 7.10, 6.55, 7.40. கடைசி எண்ணின் கீழே, "கடைசிக் காய் விழல" என்று எழுதியிருந்தான். அதற்கடுத்த நாளின் தாளில், "ஆட்டம் இல்லை".