தொட்டியில் ஓட்டிப் பார்ப்பதா, நேரே இறக்குவதா?

மேலூர்ப் பக்கம் போர்வெல் மோட்டார் மாட்டுகிறவர்களில் இரண்டு கட்சி. காயில் கட்டிய மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஓட்டி, ஆம்பியர் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார் ஒருவர். இன்னொருவர் நேரே போருக்குள் விட்டுவிடுவார். ஓடாவிட்டால் குழாய் குழாயாகக் கழற்றி ஏற்றிக்கொள்ளலாம் என்பார். போய்த் திரும்பி வரவேண்டிய ராட்சத ராக்கெட்டைச் சோதிப்பதிலும் இதே சண்டைதான்.

எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் 'நேரே இறக்கு' கட்சி. அவர்களுடைய ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் உயரம் 120 மீட்டருக்கு மேல். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் இரண்டை அடுக்கினாலும் எட்டாது. அடியில் 33 எஞ்சின். 2023 பிப்ரவரியில் தரையில் பிடித்துவைத்து 31 எஞ்சினைச் சுமார் பாதி விசையில் எரித்தார்கள். ஏவுதளக் கான்கிரீட் தாங்கியது. சரி, ஒரு தடவை தாங்கும் என்று ஏப்ரல் 20-ல் கிளப்பினால், கான்கிரீட் பெயர்ந்து பறந்து அடியில் பள்ளமே விழுந்துவிட்டது. ராக்கெட்டும் 4 நிமிடத்தில் சிதறியது. அப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தட்டு வந்தது. ஆனால் 2024 அக்டோபர் 13-ல், ஐந்தாவது பயணத்திலேயே, கீழ் அடுக்கு திரும்பி வந்து ஏவுகோபுரத்தின் இரண்டு கைகளுக்குள் அடங்கியது. 2025 ஜனவரியிலும் மார்ச்சிலும் மேல் அடுக்கு சிதறியதில் விமானங்களைத் திருப்பிவிட நேர்ந்தது. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் தொட்டிக் கட்சி. 7 எஞ்சின் கொண்ட நியூ கிளென் ராக்கெட்டைப் பல வருஷம் தரையிலேயே வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 16, முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதை. கீழ் அடுக்கு மட்டும் பிழைக்கவில்லை. நவம்பர் 13-ல், இரண்டாவது பயணத்தில், அதுவும் கடலில் நின்ற கப்பலில் வந்து இறங்கியது.

இரண்டுக்கு ஐந்து என்று மார்க் போடக்கூடாது. நியூ கிளென் தன் மேல் அடுக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஸ்டார்ஷிப்போ அதையும் மீட்கப் பார்க்கிறது. மணிக்கு சுமார் 26,000 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் நுழையும்போது வெப்ப ஓடுகள் படும் பாட்டை எந்தத் தொட்டியிலும் முழுசாக உண்டாக்க முடியாது. அதற்குப் பறந்துதான் ஆகவேண்டும். கீழ் அடுக்குக்கு என் ஓட்டு தொட்டிக்கே.

தொட்டியும் இல்லை, உடைக்க ஸ்பேரும் இல்லையென்றால் சோவியத்தின் நிலா ராக்கெட் என்1 கதைதான்: 30 எஞ்சின், கீழ் அடுக்கை முழுசாகத் தரையில் எரித்துப் பார்க்கவே இல்லை. 1969 முதல் 1972 வரை நான்கு தடவை கிளப்பி, நான்கும் தோல்வி.

கீழ் அடுக்கைத் திரும்ப இறக்கும் நம் அடுத்த ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. பத்து ராக்கெட்டை உடைக்க இஸ்ரோவிடம் காசில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் பணகுடிப் பக்கம் போகும்போது வலது ஜன்னலில் தெரிகிறதே மகேந்திரகிரி, இஸ்ரோ எஞ்சின்களைத் தரையில் எரித்துப் பார்க்கும் நம் தொட்டி அங்கேதான் இருக்கிறது.