சிறுசேரியா, மைசூர் ரோடா? இளநிலைக் கணிதம் படிக்க சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. – ஒரு மதிப்பீடு

சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம், சுருக்கமாக சி.எம்.ஐ. பெங்களூரு மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம், சுருக்கமாக ஐ.எஸ்.ஐ. கணிதமே படிப்பேன் என்று நிற்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு நுழைவுத் தேர்வையும் எழுதுகிறார்கள். சிலருக்கு இரண்டிலும் இடம் கிடைத்துவிடுகிறது. முடிவெடுக்க அதன்பின் சில நாட்கள்தான் இருக்கும். அந்தச் சில நாட்களில் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவற்றை இங்கே எடுத்து வைக்கிறோம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அனாலிசிஸ், அல்ஜீப்ரா இரண்டிலும் எந்த இடமும் மற்றதற்குச் சளைத்ததல்ல. கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கமோ இயற்பியலோ பிள்ளையை இழுத்தால் சி.எம்.ஐ. நிகழ்தகவும் புள்ளியியலும் இழுத்தால், அல்லது கட்டணம் கட்டுவது வீட்டுக்குப் பாரம் என்றால், ஐ.எஸ்.ஐ. "எது பெரிய பெயர்?" என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. பெயர் என்று பார்த்தால் ஐ.எஸ்.ஐ. மூத்தது: 1931-ல் கொல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கியது, 1959-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று சட்டம் வந்தது. 2007-ல் கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன் முனைவர் பட்டம் வாங்கியது அங்கேதான். சி.எம்.ஐ. 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பிரிவாக, கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி கையால் உருவானது. 1998-ல் இளநிலை வகுப்புகள் தொடங்கின, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆனால் பெங்களூரு மையத்தின் பி.மேத் என்ற இளநிலைக் கணிதப் படிப்பே 2000-ல் வந்ததுதான். இளநிலைக் கணிதத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது.

நுழைவுத் தேர்விலிருந்தே இரண்டின் குணமும் தெரியத் தொடங்குகிறது. ஐ.எஸ்.ஐ. பி.மேத் தேர்வு இரண்டு தாள். முதல் தாளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள், இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்குப் பூஜ்யம், விடையளிக்காமல் விட்டால் 1. சில ஆண்டுகளாக இருந்துவரும் இந்த முறையைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கிடைப்பது ஒரு மதிப்பெண். விட்டாலும் அதே ஒன்று. ஆக, குருட்டாம்போக்கில் குறிப்பதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் சராசரி 1.33 ஆகிறது, இரண்டைத் தள்ளினால் 2. அதனால் ஒரு விடையையாவது தள்ள முடிந்த கேள்வியை வெறுமனே விட்டுவராதீர்கள். இரண்டாவது தாளில் 8 கணக்குகள், அதற்கும் இரண்டு மணி நேரம், முழு நிரூபணம் எழுத வேண்டும். முதல் தாளில் வெட்டு மதிப்பெண்ணைத் தாண்டாவிட்டால் இந்தத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்காணலும் உண்டு, அதிலும் கணக்குதான் கேட்பார்கள்.

சி.எம்.ஐ. தேர்வில் நேர்காணல் கிடையாது, எழுத்துத் தேர்வோடு சரி. பல ஆண்டுகளாக வந்த வடிவத்தில், முதல் பகுதியில் விடையை மட்டும் எழுதும் 10 கேள்விகள், இரண்டாம் பகுதியில் விரிவாக எழுத வேண்டிய 6 கணக்குகள். இங்கும் முதல் பகுதி சல்லடை மாதிரி: அதில் நின்றவர்களுக்கே இரண்டாம் பகுதி திருத்தப்படும். பழைய வினாத்தாள்களைக் கழகமே இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. பணம் கட்டி வாங்கும் எந்தத் தொகுப்பையும்விட அவை மேல். கணித ஒலிம்பியாடில் தேசிய அளவில் தேறியவர்களுக்கு இரண்டு இடத்திலும் தனிச் சலுகை உண்டு. சி.எம்.ஐ.யில் எழுத்துத் தேர்வே இல்லாமல் சேரலாம், ஐ.எஸ்.ஐ.யில் நேராக நேர்காணலுக்கு அழைப்பார்கள். இந்த ஆண்டு விதி என்ன என்பதை அந்தந்த விண்ணப்பக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜே.இ.இ.க்குத் தயாரான பிள்ளைகள் இரண்டு தேர்விலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: விடை தெரியும், எழுதத் தெரியாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடர்ச்சியான ஒரு சார்பு இருக்கிறது. எந்த மெய்யெண்ணைக் கொடுத்தாலும், அடுத்தடுத்து இரண்டு முறை அந்தச் சார்பைச் செலுத்தினால் அதே எண் திரும்பி வந்துவிடும். அப்படியென்றால் அந்தச் சார்பு மாற்றாமல் அப்படியே திருப்பித் தரும் எண் ஒன்றாவது இருக்கிறது என்று நிறுவ வேண்டும். நன்றாகப் படிக்கும் மாணவர் "அப்படி எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போது சார்பு எல்லா எண்ணையும் பெரிதாக்குகிறது, இரண்டு முறை செலுத்தினால் இன்னும் பெரிதாகும், எனவே முரண்பாடு" என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். யோசனை சரி, நிரூபணம் ஓட்டை. எல்லா எண்ணையும் பெரிதாக்குகிறது என்று எப்படித் தெரியும்? சிலவற்றைப் பெரிதாக்கி, சிலவற்றைச் சிறிதாக்கலாமே? இங்கேதான் தொடர்ச்சி வேலை செய்கிறது. சார்பின் மதிப்பிலிருந்து எண்ணைக் கழித்தால் கிடைப்பதும் தொடர்ச்சியான சார்பு. அது எங்கும் பூஜ்யம் ஆகாவிட்டால், இடைமதிப்புத் தேற்றத்தின்படி எங்கும் ஒரே குறிதான் இருக்க முடியும். நேர்க்குறி என்றால் முன்சொன்ன முரண்பாடு, எதிர்க்குறி என்றால் அதே வாதம் தலைகீழாக. கணக்கில் "தொடர்ச்சியான" என்ற சொல் எதற்காக இருக்கிறது என்பதற்கு விடை அந்த ஒற்றை வரி. அதை எழுதாதவருக்கு மதிப்பெண் போகும். தினமும் ஒரு கணக்கு, ஒரு முழுப் பக்கம், பிறகு கொடுக்கப்பட்ட ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்பட்டது என்று பென்சிலால் குறிப்பது: தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் இதைச் செய்தாலே எழுத்தில் வித்தியாசம் தெரியும்.

உள்ளே போன பிறகு எப்படி? சி.எம்.ஐ.யில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் ஒன்று, கணிதமும் இயற்பியலும் சேர்ந்தது இன்னொன்று. நிரல் எழுதுவதற்கான முதல் பாடம் ஹாஸ்கெல் மொழியில். பள்ளியிலேயே பைத்தானும் சி++-உம் கற்று வந்த பிள்ளைகள் முதல் மாதம் திணறுவது இதில்தான். மாறியின் மதிப்பை மாற்றிக்கொண்டே போகும் பழக்கமும், லூப் போட்டுச் சுற்றும் பழக்கமும் அங்கே செல்லாது. ஒரு பட்டியலின் நீளத்தைக் கண்டுபிடிக்கக்கூட, "வெறும் பட்டியல் என்றால் பூஜ்யம், இல்லாவிட்டால் தலையை விட்டுவிட்டு மிச்சத்தின் நீளத்தோடு ஒன்று கூட்டு" என்று கணிதத் தொகுத்தறிதல் முறையில்தான் யோசிக்க வேண்டும். அதுவரை கணினியையே தொடாத பிள்ளைக்கு இதனால் பெரிய நன்மை: எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். கணிதம் படிக்கும் பிள்ளைக்குக் கணினியை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்னால் வரும் அல்காரிதம், கணிப்பியல் கோட்பாடு எல்லாம் இந்த அடித்தளத்தின்மேல் நிற்பவை.

ஐ.எஸ்.ஐ.யில் அந்த இடத்தைப் பிடிப்பது நிகழ்தகவு. முதல் ஆண்டிலேயே தனிப் பாடமாக வந்துவிடுகிறது, பின்னர் புள்ளியியலும் சேர்ந்துகொள்கிறது. நிகழ்தகவுத் துறையில் இந்த நிறுவனத்துக்கு இருக்கும் பல தலைமுறைப் பாரம்பரியம் வகுப்பறைக்குள்ளேயே வருவது பெரிய பேறு. இயற்பியலும் கொஞ்சம் கட்டாயமாக உண்டு. அது பிடிக்காதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கணினிப் பாடங்கள் இருந்தாலும் சி.எம்.ஐ. அளவுக்கு ஆழமில்லை. விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் சி.எம்.ஐ.யில்தான் அதிகம். எந்தக் கணிதம் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு அது வரம். தெரியாத பிள்ளைக்கு ஐ.எஸ்.ஐ.யின் வகுத்து வைத்த பாதை பாதுகாப்பு.

பணக் கணக்கு. ஐ.எஸ்.ஐ. பி.மேத் படிப்பில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டும் தானாக வந்துகொண்டிருக்கும் பணம் அல்ல அது. வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் பார்த்தே அடுத்த தவணை. மதிப்பெண் இறங்கினால் தொகை குறையும், மேலும் இறங்கினால் நின்றேபோகும். அந்தப் பணத்தை நம்பியே மெஸ் கட்டணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் ஒரு செமஸ்டர் செலவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, முழு விலக்கோ பகுதி விலக்கோ பெற வழியும் உண்டு. கட்டணத் தொகையைப் பார்த்த உடனே கைவிட்டுவிடாதீர்கள். அலுவலகத்துக்கு எழுதி, விலக்குக்கு என்ன ஆவணம் வேண்டும், எந்தத் தேதிக்குள், அடுத்த ஆண்டும் தொடர என்ன மதிப்பெண் வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் பதிலாக வாங்குங்கள். இன்னொன்று: ஐ.எஸ்.ஐ.யின் 1959 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. தன்னாட்சி குறையும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். இலவசப் படிப்பை நம்பிச் சேர்பவர்கள் அந்தச் செய்தியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஊர், விடுதி விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் சின்ன வளாகம்தான், பெரிய பல்கலைக்கழகக் களேபரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி ஐ.டி. அலுவலகங்கள். நகரத்துக்குள் வர ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாண்ட வேண்டும், கோடையில் வெயில் வாட்டும். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான மேட்சயின்ஸுடன் நெருக்கமான தொடர்பு இருப்பது சி.எம்.ஐ.யின் பலம். சிறந்த மாணவர்கள் பாரிஸின் எகோல் நார்மால் என்ற உயர்கல்வி நிறுவனத்துக்குக் கோடையில் போய்வரும் ஏற்பாடும் பல ஆண்டுகளாக இருக்கிறது. பெங்களூரில் மெட்ரோ 2021-ல் கெங்கேரி வரை நீண்ட பிறகு மைசூர் ரோட்டுப் பயணம் எளிதாகிவிட்டது.

"கேம்பஸில் வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நேரான பதில்: பொறியியல் கல்லூரி மாதிரி நினைத்து இரண்டிலும் சேர்க்காதீர்கள். இரண்டும் மூன்றாண்டுப் படிப்பாகவே நடந்து வந்தவை, பெரும்பாலோர் அதன்பின் முதுநிலைக்கோ ஆராய்ச்சிக்கோ போகிறார்கள். நிதி நிறுவனங்களுக்கும் தரவு அறிவியலுக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிலும் பலர் முதுநிலை முடித்தவர்கள். இளநிலையும் முதுநிலையும் சேர்த்து ஐந்து ஆண்டு பொறுக்க முடியாத சூழ்நிலை என்றால் அதைப் பிள்ளையிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும்.

கடைசியாக, தேதி. ஜே.இ.இ. கலந்தாய்வு முடிவதற்கு முன்பே இந்த இடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம். முன்பணம் கட்டுவதற்குமுன், சேராவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதி வரை என்று விதியைப் படித்துப் பாருங்கள். அசல் மாற்றுச் சான்றிதழை ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க நாளாகும், அதனால் முடிவு உறுதியாகும்வரை கையிலேயே வைத்திருங்கள். முடிவானதும், வேண்டாத இடத்தை விட்டுவிடுவதாக அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு ஊரிலிருந்து கிளம்ப நாள் வேண்டும்.